பனையடித் தண்ணீர்

எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே அறுத்து, கொட்டையைக் கத்தி நுனியால் தோண்டி எறிந்துவிட்டு, மஞ்சள் வாளிக்கு மேலே பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தாள் விண்ணரசி. முந்தாநாள் கெளுத்தி மீன் முள் ஏறிய பெருவிரல் இன்னும் ஆறவில்லை. ஒவ்வொரு பழத்துக்கும் சாறு அந்தக் குத்துக்குள் போய்ச் சுரீரென்றது. எரியட்டும் என்று விட்டாள். எரிகிற வரைக்கும் நினைப்பு விரலில் நிற்கிறது, எரிச்சல் அடங்கினதும் எழுந்து நேரே கேனுக்குப் போய்விடுகிறது. கேன் அவள் முழங்காலை ஒட்டித்தான் இருந்தது. காலையில் சூசைத்துறையிலிருந்து டெம்போவில் ஏற்றிவந்த அதே நீலக் கேன், கழுத்தில் மாமியார் கட்டிவிட்ட அதே சிவப்புத் துணி, பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே கிடக்கிற தண்ணீர் மட்டும் வேறே. அது இந்தப் பனையடி ஊர்க் குழாய்த் தண்ணீர். சூசைத்துறைப் பயல் ஒருத்தனும் பனையடித் தண்ணீரில் வாய் நனைக்கக் கூடாது என்பது அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்னாலேயே ஊரில் எழுதாத சட்டம். இன்னும் கொஞ்ச நேரத்தில் கால்பந்தில் பாதி ஆட்டம் முடிந்து விசில் ஊதுவான். எல்லாரும் வேர்த்து ஒழுக வந்து இந்த உடைமரத்து அடியில் விழுவார்கள், அவள் வீட்டுக்காரன் ததேயுவும் வருவான், அவள் மோந்து கொடுக்கிறதை வாங்கி மடமடவென்று குடிப்பார்கள். ஒருத்தனுக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். எப்படித் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது? பயந்தால் அவளுக்குக் காது மடல் சிவந்துவிடும். சின்னதில் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்க டீச்சர் பக்கத்தில் வந்தாலே சிவக்கும், அதை வைத்தே மற்ற பிள்ளைகள் சிரிக்கும், அஞ்சாம் கிளாசோடு நின்றதற்குப் படிப்பு ஏறாதது பாதி காரணம் என்றால் இந்தக் காது மீதி.

ததேயுவின் அண்ணன் வெலிங்டன் இந்த மைதானத்தில்தான் செத்தான். அவள் அவனைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். மாதா படத்துக்குக் கீழே, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ததேயுவின் மூக்கும் ததேயுவின் பல்லுமாகச் சிரித்துக்கொண்டு நிற்பான். பனையடித் திருவிழாவுக்கு நடக்கும் கோப்பை ஆட்டம், பாதி ஆட்டத்தில் பனையடிக்காரர்கள் வைத்திருந்த பானையில் மோந்து குடித்தான், திரும்ப இறங்கினான், கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்து நடு மைதானத்தில் விழுந்தான், ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துபோயிற்று. தண்ணீரில் எதையோ கலந்துவிட்டான்கள் என்று அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு. அதற்கப்புறம் ரெண்டு ஊருக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை, மீன் ஏலத்தில்கூட ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பதில்லை. இந்த வருஷம்தான் ரெண்டு பங்குச்சாமிமாரும் உட்கார்ந்து பேசி, இளவட்டங்கள் விளையாடட்டும் என்று சமாதானம் பண்ணி வைத்தார்கள். வருகிறோம், ஆனால் எங்கள் தண்ணீர் எங்களோடு வரும் என்று சூசைத்துறை கிளப் தலைவர் இஞ்ஞாசி மாமா சொல்லிவிட்டார். வெளியூரில் எங்கே ஆடினாலும் அவள் மாமியார், ததேயுவின் அம்மைதான் தண்ணீர் கொண்டுபோகும். விடிவதற்கு முன்னால் கோயில் கிணற்றில் தானே இறைத்து, வேறு ஒரு கை படாமல், டெம்போவில் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போகும். இந்தத் தடவை காலில் ஆணிபோட்டு வீங்கி நடக்க முடியவில்லை. "ஏட்டி, நீ போ. ஒருத்தன் கையில குடுக்காத. மூடியத் தெறந்து போடாத. ஒரு மகன வாரிக் குடுத்தாச்சு, கேட்டியா?" என்றது. கேட்டியா என்று கேட்டபோது மாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கேனைத்தான் பார்த்தது. அவள் சரி மாமி என்றாள். வேறே என்னத்தைச் சொல்வாள்? அந்த வீட்டில் அவள் அதிகம் சொன்ன வார்த்தையே அதுதான்.

இந்த மைதானத்தைப் பற்றி அவள் மூன்று வருஷமாகக் கேட்டிருக்கிறாள், பார்த்தது இன்றைக்குத்தான். சுற்றிலும் ஆள் உயரத்துக்குப் பழைய சுவர், வெளியூர்க்காரன் பக்கம் மட்டும் மேலே பாட்டில் சில்லைப் பதித்து வைத்திருக்கிறார்கள், உள்ளே வர ஒரு வாசல், அதே வாசலில்தான் வெளியேயும் போகணும். வெளியூர்க்காரன் உட்காருகிற மூலை கருவாடு காயப்போடுகிற களத்தை ஒட்டி. நாற்றம் அவளுக்குப் பழக்கம்தான், ஆனால் ஈ. துண்டில் கிடத்தியிருந்த கைப்பிள்ளையின் வாயில், கண்ணில், வெட்டிவைத்த பழத்தில், விரட்ட விரட்ட வந்து அப்பியது. தரை கடல் பக்கமாகச் சரிந்து கிடக்கிறது, பந்து தானாகவே அந்தப் பக்கம் ஓடும், பனையடிக்காரனுக்கு எந்த இடத்தில் எப்படித் திரும்பும் என்று காலுக்குத் தெரியும், நம்ம பயலுக்குத் தெரியாது. டாஸ் யார் ஜெயித்தாலும் முதல் பாதிக்கு வெயில் கோல் காக்கிற நம்ம கோலி கண்ணில்தான் அடிக்கும், அதை எப்படித்தான் செய்வார்களோ. வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றவனைத் தாண்டித்தான் ஒரு கோலும் போட்டுவிட்டார்கள். மைக்கில் ஒருத்தன் விடாமல் பேசிக்கொண்டே இருந்தான். "சூசைத்துறை கோலிக்கு ஒரு கூலிங் கிளாஸ் தேவை. வச்சிருக்கவிய கொடுத்து உதவுங்கப்பா, ஆட்டம் முடிஞ்சதும் பத்திரமா திருப்பித் தருவாவ." சுவர் மேல் உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது. டெம்போவில் இருந்து இறங்கினதிலிருந்து அவளுக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆம்பிளைகள் களத்துப் பக்கம் போய்த் திரும்பி நின்று போய்விட்டு வருகிறார்கள், அவள் யாரிடம் கேட்பாள், எந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள்? வயிற்றை இறுக்கிக்கொண்டு அடுத்த பழத்தை எடுத்தாள். "ஏழாம் நம்பர் தம்பிய பாருங்க, ஓடுதானா நடக்கானான்னு கண்டுபிடிக்கவியளுக்குத் திருவிழா அப்பம் பரிசு." ஏழாம் நம்பர் ததேயு. அவள் நிமிரவில்லை. கத்தியைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்தாள். அவன் மைதானத்து நடுவில் முழங்காலில் ரெண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நடுவில் ஆடுகிறவன், முன்னாலும் ஓடணும் பின்னாலும் ஓடணும். கடலிலிருந்து வந்ததிலிருந்து அவனுக்குக் காய்ச்சல். நேற்று உடம்பைத் தொட்டபோது அடுப்பில் கிடந்த சட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. காலையில் வீட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான், எடுத்துவிட்டுக் காலால் மணலைத் தள்ளி மூடினான், திரும்பினால் அவள் நிற்கிறாள். "யாருட்டயும் சொல்லிராத. அம்மைட்டயும் சொல்லாத, இஞ்ஞாசி மாமாட்டயும் சொல்லாத. அண்ணன் விழுந்த மண்ணுல நான் எறங்காம இருந்தா பொட்டப்பயன்னுவானுவ." அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தூங்குகிற பிள்ளையின் தலையில் வைத்தான். "சத்தியம் பண்ணு." பண்ணினாள். பிள்ளைத் தலை வெதுவெதுவென்று இருந்தது, அவன் கை கொதித்தது.

கேன் எப்படிக் கொட்டியது என்று அவள் மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறாள், நினைத்தால் ஒரு தடவையாவது கொட்டாமல் போய்விடும் என்பது போல. ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் வாசலுக்கு வெளியே சிலுவை நட்ட குருசடியில் மெழுகுதிரி ஏற்றப் போய்விட்டார்கள். பிள்ளை பிரின்சி அந்த நேரம் பார்த்து வெளிக்குப் போய்விட்டது, துணியெல்லாம், தொடையெல்லாம், முதுகு வரைக்கும். கழுவணும். எதிரே சுவரோரம் குழாய் இருந்தது, போயிருக்கலாம். போக மனசு வரவில்லை. வெலிங்டன் குடித்த ஊர்த் தண்ணீரைப் பிள்ளை மேல் ஊற்றுவதா? கேனைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றினாள், ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கேன், கொஞ்சம் போதாமல் இன்னும் கொஞ்சம். பிள்ளையைத் துவட்டித் துண்டில் போட்டுவிட்டுத் திரும்பினால், கேன் அந்தச் சரிவில் மெதுவாகப் படுத்துக்கொண்டு, மூடியில்லாத வாயால் மாமி இறைத்த தண்ணீரை எல்லாம் மணலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. பனையடி மண் அவ்வளவையும் குடித்துவிட்டுக் கொஞ்சம் கறுத்துக் கிடந்தது. மூடியத் தெறந்து போடாத. மாமி அதைத்தானே சொன்னது, வேறே எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா. மாமாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆம்பிளைகள் அத்தனை பேர் நிற்கிற இடத்தில் போய், மாமா, தண்ணீ கொட்டிட்டு என்று சொல்லணுமே. அதைவிடக் கேனைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குப் போவது லேசாக இருந்தது. அங்கே ஒருத்தி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள், பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு. சிவப்புத் துணியைப் பார்த்தாள், இடுப்புப் பிள்ளையைப் பார்த்தாள், தன் குடத்தைப் பாதியில் நகர்த்திக் கேனை வைக்கச் சொன்னாள். "சூசைத்துறையா?" விண்ணரசி தலையை ஆட்டினாள். "எங்க அம்மை ஊருதான். அம்மை செத்ததுக்கு வந்தேன். பகல் பூரா பெட்டிக்கிட்ட கெடந்தேன், உங்க ஊருல ஒருத்தி ஒரு மடக்குத் தண்ணி தரல." திட்டுகிற மாதிரி இல்லை, வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அப்புறம், "பிள்ளைக்குப் பல்லு வந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டே நிறைந்த கேனைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்து, உடைமரம் வரைக்கும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். விண்ணரசி ரெண்டு பல்லு என்று விரலைக் காட்டினாள், அவ்வளவுதான்.

கேனிலிருந்து வாளிக்குத் தண்ணீரைச் சாய்த்து, சர்க்கரையை அள்ளிப் போட்டாள், குளுக்கோஸைக் கொட்டினாள், ஒரு சிட்டிகை உப்பு. உப்பில் கை நின்றது. சூசைத்துறைக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும், கடலுக்கு அவ்வளவு பக்கம், அந்தக் கரிப்பில் வளர்ந்த நாக்குகள் எல்லாம். இது கரிக்குமா? கேனிலிருந்து ஒரு டம்ளர் வெறும் தண்ணீரைச் சாய்த்து வாயில் வைத்தாள். இனித்தது. இளநீர் மாதிரி ஒரு இனிப்பு. அந்த இனிப்பு அவளை நடுக்கியது, கசந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். துப்பப் போனவள் துப்பவில்லை. விழுங்கினாள். நமக்கு முதலில் ஏதாவது ஆகட்டும், ஆகிவிட்டால் கேனைக் கவிழ்த்துவிடலாம், ஆகாவிட்டால் கொடுக்கலாம் என்று ஏதோ ஒரு கணக்கு. முழு டம்ளரையும் குடித்துவிட்டு, இன்னொரு கை உப்பை எடுத்து வாளியில் போட்டுக் கலக்கினாள். இப்போது ஊர்த் தண்ணீர் மாதிரி இருக்கும். வயிற்றுக்குள் காது வைத்துக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். புரட்டுகிறதா? புரட்டுகிற மாதிரித்தான் இருந்தது. பயத்துக்குப் புரட்டுகிறதா, தண்ணீருக்கா, மூத்திரத்தை அடக்குகிறதுக்கா? தலை சுற்றுகிறதா? தலையை ஆட்டிப் பார்த்தாள். மைதானத்தில் "லே ததேயு, மூச்சப் பிடிச்சு ஓடுலே" என்று இஞ்ஞாசி மாமாவின் சத்தம். அப்போதுதான் பிரின்சி முழித்தது. முழித்த பிள்ளை சும்மா இருக்குமா, பாலுக்கு அழுதது. அவள் மார் ரெண்டும் அந்த அழுகையைக் கேட்டதும் கல்லாகி, ஜாக்கெட் நனைந்தது. கொடுக்கப் போன கை பாதியில் நின்றது. குடித்த தண்ணீர் எங்கே போகும், பாலுக்குத்தானே போகும். கடவுளே, இதை ஏன் குடிக்கிறதுக்கு முன்னால் யோசிக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள், விரலை வாயில் வைத்தாள், எலுமிச்சைச் சாறு பட்டு முகத்தைச் சுளித்து முன்னைவிடப் பெரிதாகக் கத்தியது. மைக்குக்காரனுக்குக் கேட்டுவிட்டது. "சூசைத்துறைக்காரவிய இப்பவே அழ ஆரம்பிச்சாச்சு, இன்னும் பாதி ஆட்டம் கெடக்கு." சுவர் முழுக்கச் சிரிப்பு, அத்தனை தலையும் உடைமரத்துப் பக்கம் திரும்பியது. காது மடல் ரெண்டும் தீப்பிடித்தது. துண்டை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு, உள்ளே பிள்ளையை மாரில் அணைத்தாள். பிள்ளை கவ்விக்கொண்டது.

துண்டுக்குள்ளே இருட்டு, பிள்ளையின் மூச்சு, பால் இறங்குகிற சத்தம். கொடுத்துவிட்டேனே என்று பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. விஷம் என்று நம்புகிறவள் ஒருத்தி, ஊர் சிரித்தது என்பதற்காகப் பிள்ளைக்குக் கொடுப்பாளா? செத்தாலும் கொடுக்க மாட்டாளே. அப்படியானால் நம்பவில்லை. எப்போதிலிருந்து நம்பவில்லை, குழாயடியிலிருந்தா, அந்த நைட்டிக்காரியின் இடுப்பில் கேன் ஏறினதிலிருந்தா? துண்டின் இழை வழியாக மைதானம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ததேயு பந்தை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போனான், சுவர்ப் பக்கம் குனிந்தான், முதுகு ரெண்டு தடவை குலுங்கியது, அப்புறம் காலால் மணலைத் தள்ளி மூடினான். திரும்பவும் ஓடினான். மணலை மூடின அந்தக் காலை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கேட்காமலேயே அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. "அண்ணன் அன்னைக்கு வள்ளத்துலயே வாந்தி எடுத்தான், கடல் சேராதவன் மாதிரி." கொஞ்சம் கழித்து, "பாதி ஆட்டத்துல முடியலலேன்னான். நாந்தான் பூட்ஸ் கயித்தக் கட்டி விட்டேன்." அப்புறம் பொத்தின கண்ணியையே அவிழ்த்துத் திரும்பப் பொத்தினான். கயிறு கட்டிவிட்ட பாசத்தைச் சொல்கிறான் என்றுதான் அவள் அன்றைக்கு நினைத்தாள். வள்ளத்திலேயே என்றால் காலையில், மீன்பிடிக்கப் போன இடத்தில். காலையில் என்றால் பனையடிப் பானையில் மோந்து குடிக்கிறதுக்கு எவ்வளவோ முன்னால். முடியலலே என்று சொன்னவனைத்தான் இறக்கிவிட்டார்கள். தலையில் தண்ணீர் ஊற்றி, கன்னத்தில் தட்டி, ஆம்பிள மாதிரி எறங்குலே என்று சொல்லியிருப்பார்கள், இஞ்ஞாசி மாமா சொல்லியிருப்பார், அவருக்கு அந்தக் குரல்தான் உண்டு. எல்லாருக்கும் தெரியும். ததேயுவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேனைச் சுமந்தார்கள், தெரிந்துகொண்டுதான் பெண் கொடுக்காமல் விட்டார்கள், ஒரு சாவு வீட்டில் ஒருத்திக்குத் தண்ணீர் கொடுக்காமல் விட்டார்கள். மாமிக்கும் தெரியுமோ? விடிவதற்கு முன்னால் எழுந்து ஒரு கை படாமல் இறைக்கிற மாமிக்கு? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. வெலிங்டனைக் கொன்றது தண்ணீர் இல்லை என்றால் காய்ச்சல்தான். அதே காய்ச்சல், அதே மண், அதே அம்மைக்குப் பிறந்த உடம்பு, ஒரு வாய்க் கஞ்சிகூட உள்ளே தங்காமல் வெயிலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

விசில் ஊதினான். பயல்கள் வெயிலைப் பிளந்துகொண்டு வந்தார்கள், இந்தப் பக்கம் வரவில்லை, வாசல் பக்கம் இருந்த கொஞ்சம் நிழலிலேயே விழுந்தார்கள். ததேயு எல்லாருக்கும் கடைசியாக வந்து, உட்காரவில்லை, சரிந்தான். சுவரில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்திருக்கணும், சிவக்கவில்லை, சாம்பல் பூசின மாதிரி இருந்தது. கோலிப் பயல் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவிழ்ந்த பூட்ஸ் கயிற்றை எடுத்துக் கட்ட ஆரம்பித்தான். "ஏட்டி, தண்ணிய கொண்டா" என்று இஞ்ஞாசி மாமா கையைத் தட்டினார். அவள் பிள்ளையை மாரிலிருந்து எடுத்தாள். உள்ளங்கையில் பிள்ளையின் தலை வேர்த்து நனைந்திருந்தது, காலையில் சத்தியம் பண்ணின அதே இடம். வாயைத் திறந்தால் இந்தத் தலைக்கு என்ன வரும்? திறக்காவிட்டால் அந்தத் தலைக்கு என்ன வரும்? சத்தியம் வாங்கினவன் போய்ச் சேர்ந்தபிறகு காப்பாற்றின சத்தியத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. கதவுக்குப் பின்னால் நின்றுதான் இஞ்ஞாசி மாமாவுக்கு அவள் இதுவரை பதில் சொல்லியிருக்கிறாள், ததேயு இல்லையா என்றால் இல்ல, இருக்கானா என்றால் இருக்காரு. இவ்வளவு பேர் நடுவில், அந்த மைக்குக்கு முன்னால், பனையடிக்காரன் காது கேட்க, என் வீட்டுக்காரருக்கு முடியல என்று சொன்னால் அவன் அவளை மன்னிப்பானா, வீட்டுக்குள் விடுவானா? விடாமல் போகட்டும். விடாமல் இருப்பதற்காவது அவன் இருக்கணுமே. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள், வாளியை எடுக்கவில்லை, கேனை எடுக்கவில்லை, வெயிலுக்குள் நடந்தாள், மணல் சுட்டது, நடக்க நடக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், மாமா, அவிய இனி எறங்க வேண்டாம், காய்ச்ச, காலையிலேருந்து வாந்தி, தண்ணியும் நம்ம தண்ணி இல்ல, அது கொட்டிட்டு, நான் குடிச்சேன், பிள்ளையும் குடிச்சிட்டு, தண்ணியில ஒண்ணும் இல்ல மாமா, அன்னைக்கும் தண்ணியில

"ஏட்டி விண்ணரசி, வெறுங்கையோட என்னத்துக்கு வாற?" என்று இஞ்ஞாசி மாமா குறுக்கே கேட்டார்.